கைப்பணியாளர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாக சபைக் கூட்டங்கள் யாப்பின்படி நடந்தன. கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். ஆகவே சோலர், குடிதண்ணீர் ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பின்னல் மண்டபத்துக்குச் சோலர் எதற்கு என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஓலை இழைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது. நடுப்பகல் வெயிலில் குருத்தோலை முறுகிவிடும்; மடித்தால் வெடிக்கும். விடியப்புறமும் பொழுதுபட்ட பிறகும்தான் ஓலைக்குப் பதம் இருக்கும். வெளிச்சம் இல்லாததும் அந்த நேரத்தில்தான். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியின் கூர்நுனியில் ஓலைகள் நெருங்கி விழும் இடத்தைப் போத்தல் விளக்கின் புகைக்குள் குனிந்து பார்த்தவர்கள் நம்மில் பலர். இப்போது மண்டபத்தில் எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன, பகலில் கிணற்று மோட்டரும் ஓடுகிறது.

பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்றார்கள். நமது சோலருக்குப் பற்றரி இருப்பதால் அன்று மண்டபத்தில் வேலை நிற்கவில்லை. வீட்டுக் கூரையில் பனல் போட்டு மின்சார சபைக்குக் கரண்ட் விற்கும் அங்கத்தவர்கள் சிலர், “எங்கள் வீட்டில் மட்டும் ஏன் நின்றது? வெயில் எறித்துக்கொண்டுதானே இருந்தது?” என்று கேட்டார்கள். பற்றரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த இன்வேட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துகிறவர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இனிப் பனல் போட நினைப்பவர்கள் கையொப்பமிட முன்பு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பற்றரிகளில் ஒன்று கோடையில் செத்துவிட்டது. பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் முடிந்திருந்த நேரத்தில் யாரோ கிணற்றுத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். யார் என்ற விசாரணைக்கு நிர்வாக சபை போகவில்லை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியவைக்கும் தண்ணீர் பற்றரியின் ஈயத் தகட்டுக்கும் நல்லதல்ல. முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் சந்நிதியில் உப்புத் தண்ணீரில் விளக்கெரியும் என்பார்கள். நம் மண்டபத்துக்கு அந்த அருள் இல்லை.

குடிதண்ணீருக்கு வருவோம். நம் பக்கத்துக் கிணறுகளில் கல்சியமும் புளோரைட்டும் சேர்ந்தே இருக்கின்றன. லீட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைட் என்பது இலங்கைத் தர எல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது செறியவே செய்யும். புளோரைட் கூடினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும்; அதைப் பாக்குத் தின்கிற பழக்கம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

நன்கொடையாக வந்த ஆர்.ஓ. வடிகட்டி, அதாவது தண்ணீரை மெல்லிய சவ்வின் வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் வடிகட்டி, நன்றாகத்தான் வேலை செய்கிறது. சிக்கல், அது கழிக்கும் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் வரும்போதே உப்புச் செறிந்த தண்ணீரும் நிறைய வெளியே வருகிறது. வீணாக்குவானேன் என்று மட்பாண்டப் பிரிவினர் அதில் களிமண் குழைத்தார்கள். வைகாசிப் பொங்கல் வியாபாரத்துக்கு வைத்திருந்த பானைகள் சூளையிலிருந்து வந்தபோது கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பானை காயும்போது ஈரத்தோடு உப்பும் மேலே வந்து, நெருப்பில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. தட்டிப் பார்த்தால் நல்ல ஓசைதான். ஆனால் பொங்கல் பானை வாங்க வருகிற அம்மா தட்டிப் பார்க்க முன்பு கண்ணால் பார்ப்பா. அதன்பின் அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கு மட்டும் போகிறது.

இன்னொரு கஷ்டம், வடிகட்டியின் மெம்பிரேன், அதாவது அந்தச் சவ்வு. அது தேய்கிற பொருள், மாற்றத்தான் வேண்டும். பனல் கொடுத்தால் அதன் முன்னால் நின்று படம் எடுக்கலாம். மெம்பிரேன் வாங்கக் காசு கேட்டால் ஒருவரும் கமராவோடு வருவதில்லை.

அதனால்தான் மழைத்தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மீண்டும் பேசுகிறேன். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீட்டர். மாரியில் அந்தளவு மழை இங்கே பெரிய விடயமல்ல. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீட்டர் எடுத்தாலும் ஒரு வீட்டுக்கு 200 நாள் போதும். புளோரைட் இல்லை, ஆர்.ஓ. வடிகட்டி தேவையில்லை. முதல் மழையை வெளியே விட்டுக் கூரையைக் கழுவ வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நொவம்பர் கடைசியில் டித்வா புயலின் வெள்ளம் கிணறுகளுக்குள் போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி இறைத்துக் குளோரின் போடும்வரை மண்டபத்து மழைத்தண்ணீர்த் தொட்டியில்தான் எல்லோரும் தண்ணீர் அள்ளினோம். மழைத்தண்ணீருக்கு ருசியில்லை என்று வழக்கமாகச் சொல்லும் பெரியவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

சபையின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். அடுத்த ஆண்டு நன்கொடை கிடைத்தால் புதிய பனல் கேட்காமல், வீடுகளுக்குத் தொட்டி கட்டக் கேட்போம். முதலில் தனியாக வாழும் பெண்களின் வீடுகளுக்கு. மற்றது, மாதச் சந்தாவோடு பராமரிப்புக்கென ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கி, அதை மெம்பிரேனுக்கும் பற்றரிக்கும் ஒதுக்குவோம். எவ்வளவு என்பதை இன்றே பேசி முடிப்போம். காப்பாளராக இருக்கும் தம்பிக்கு அதிலிருந்து ஏதாவது கொடுக்கவும் வேண்டும். இதுவரை அவர் வாங்கியது தேத்தண்ணி மட்டும்தான்.

செயலாளர்