பார்சல் செவ்வாய்க்கிழமை வரும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கடையில் வைத்துப் பிரித்தேன். நடுவில் நாலு பேர் வந்து பம்ப் மோட்டாருக்குப் பேரிங் கேட்க, ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் முழுதாகப் படிக்க முடிந்தது. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. கொக்கிரகுளம் பாலத்தில் நின்று பார்த்தால் ஆற்றில் தண்ணீரைவிடப் பாறைதான் அதிகம் தெரிகிறது.

எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே கணிக்க உங்கள் கம்பெனியில் புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்கள், இனிமேல் சரக்கு தேங்காது என்று எழுதியிருந்தாய். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பட்டவன் சொல்கிறேன், கேள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நீ டிவியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவது நமக்குப் புதிதில்லை. அந்தத் தடவை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமே தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமிருந்து மோட்டார்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கழற்றினால் உள்ளே அள்ளி எடுக்கிற அளவுக்கு வண்டல். காயில் கட்டுகிறவர்களுக்கு ராத்திரி பகல் தெரியவில்லை. எல்லோருக்கும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டரும் பேரிங்கும் உடனே வேண்டும்.

கோயம்புத்தூர் கம்பெனிக்கு 400 கெப்பாசிட்டர் ஆர்டர் சொன்னேன். எல்லா ஊரிலும் கேட்கிறார்கள், பங்கிட்டுத்தான் தர முடியும் என்று 150 அனுப்பினார்கள். கேட்டதில் பாதிகூட வராதென்றால் கூடுதலாகக் கேட்க வேண்டியதுதானே என்று அடுத்த ஆர்டரில் 1000 எழுதினேன். எனக்கு இருக்கிற புத்தி என்னிடம் வாங்குகிற கடைக்காரருக்கு இருக்காதா? என்னிடம் 50 சொன்னவர் மதுரையிலும் 50, நாகர்கோவிலிலும் 50 சொல்லி வைத்திருந்தார், எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று. ஏரலில் ஒரு மெக்கானிக் கேட்ட ஒன்று, கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டாகிவிட்டது. பிப்ரவரியில் மொத்த லோடும் வந்து இறங்கியபோது ரிப்பேர் எல்லாம் முடிந்திருந்தது. மூன்று இடத்தில் சொல்லி வைத்த கடைக்காரர்களுக்கு மற்ற ஆர்டர்களை ரத்து செய்ய ஒரு போன் போதுமாக இருந்தது.

நேற்று அதில் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் சும்மா கிடந்தாலே வலுக் குறைந்துவிடும். நாலைந்து மூடி உப்பிப்போய், ஓரத்தில் பிசுபிசுவென்று கசிந்திருக்கிறது. வட்டிக் கணக்கை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை.

நீ டிரெய்னிங்கில் விளையாடியதாகச் சொன்னாயே, 1960 வாக்கில் எம்.ஐ.டி.யில் உண்டாக்கிய பீர் விளையாட்டு. கடையில் கேட்பது 4 பெட்டியிலிருந்து 8 பெட்டியாக ஒரே ஒரு தடவைதான் மாறும், அதற்கே மேலே இருக்கிற தொழிற்சாலை ஆடிப்போய்விடும் என்றாய். அன்றைக்குச் சிரித்தேன். கீழே கொஞ்சம் அசைந்தால் மேலே இப்படிப் பெரிதாக ஆடுவதற்குப் பேராசிரியர் ஹாவ் லீயும் கூட்டாளிகளும் 1997இல் எழுதிய நாலு காரணங்களில், பங்கிட்டுத் தருவார்களோ என்ற பயத்தில் கூட்டிக் கேட்பதும் ஒன்று என்று பிறகு நீ சொன்னபோது சிரிப்பு வரவில்லை. விலை ஏற்ற இறக்கம் இன்னொன்று. மார்ச் கடைசியில் தள்ளுபடி ஸ்கீம் போட்டு நம் தலையில் கட்டுகிறார்களே, அதுதான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இது என் மகள் எக்ஸலில் போட்டுக் காட்டியது. 6204 நம்பர் பேரிங் ஒரு நாளைக்குச் சராசரி 10 போகும். ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம் என்கிறாள்) 4. கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரச் சராசரி 9 நாள். அதிலும் ஏற்ற இறக்கம் 4 நாள். சில சமயம் அஞ்சு நாளில் வரும், சில சமயம் ரெண்டு வாரம். நூற்றுக்கு 95 தடவை இல்லை என்று சொல்லாமலிருக்க, வழக்கமான சரக்குக்கு மேல் 69 கையிருப்பு வேண்டும் என்று வந்தது. விற்பனையை இன்னும் நன்றாகக் கணித்து அந்த 4-ஐ 2 ஆக்கினால்? 67. ரெண்டே ரெண்டு பேரிங்தான் மிச்சம்! விற்பனையை அப்படியே விட்டுவிட்டு, பார்சல் வருகிற நாளின் தடுமாற்றத்தை ஒரு நாளாகக் குறைத்தால் 26. நான் நம்பாமல் ரெண்டு தடவை போடச் சொன்னேன்.

அதனால் நான் செய்தது ஒன்றுதான். சேர்த்து வைத்து ஆர்டர் போடுவதை நிறுத்திவிட்டேன். வெள்ளி ராத்திரி ஆர்டர் போகும், செவ்வாய்க்கிழமை பார்சல் வரும். சின்னதோ பெரியதோ, வாரம் தவறாது. பார்சல் கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. அப்புறம், என்னிடம் வாங்குகிற கடைகளில் இப்போது எவ்வளவு வேண்டும் என்று கேட்பதில்லை. போன வாரம் எவ்வளவு விற்றது என்று கேட்கிறேன். முதலில், இவனுக்கு எதற்கு நம் கணக்கு என்று முறைத்தார்கள். இப்போது ரெண்டு பேர் வாட்ஸ்அப்பில் நோட்டைப் படம் பிடித்தே அனுப்புகிறார்கள்.

அதிகம் போகாத பெரிய இம்பெல்லர்களை, அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரங்களை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், இங்கே என்று மூன்று இடத்தில் இருபது இருபதாக வைத்திருந்தேன். ஒரே இடத்தில் வைத்தால் இருபதை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதுமாம், அதாவது 35. ஆனால் அது ஒவ்வொரு ஊரின் தேவையும் தனித்தனியாக ஏறி இறங்கினால்தான். அம்பைப் பக்கம் கார் நெல் சாகுபடிக்கு ஜூன் 1 பாபநாசம் அணை திறந்தால் கால்வாயில் தண்ணீர் ஓடும், மோட்டாருக்கு ஓய்வு. வள்ளியூர் கிணற்றுக்காரனுக்கு அந்த யோகம் இல்லை. ஆகவே ரெண்டு ஊரும் ஒன்றாக ஏறுவதில்லை. மழை மொத்தமாகப் பொய்த்த வருஷம் மட்டும் மூன்றும் சேர்ந்து ஏறும். அதை நினைத்து 45 வைத்திருக்கிறேன், எல்லாம் இங்கே கோடவுனில். காலையில் போன் வந்தால் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுகிறேன், மதியத்துக்குள் கிடைத்துவிடுகிறது. மகளுக்கு 35 போதும். அவள் பொய்த்த வருஷங்களைப் பார்த்ததில்லை.

உங்கள் சாஃப்ட்வேரிடம் ஒன்று கேட்டுச் சொல்: அதற்குத் தீனியாகப் போடுவது கடைகளில் விற்ற கணக்கா, டீலர்கள் அனுப்பிய ஆர்டரா? ஆர்டர் என்றால் என் கெப்பாசிட்டர் பெட்டியில் ரெண்டை உன் மேனேஜருக்கு அனுப்பி வைக்கிறேன், மேஜை மேல் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனித் தேருக்கு வருவாய்தானே? போன வருஷமும் டிக்கெட் போட்டுவிட்டு வராமல் இருந்துவிட்டாய். வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வருகிற நாளை முன்னாலேயே எழுது. சொதி வைக்கத் தேங்காய் எத்தனை வாங்குவது என்று தெரிய வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்