கோவில் நூலகத்துப் புது வரவுகள்

பாளையங்கோட்டை,
ஆகஸ்ட் 18

அன்புள்ள நண்பா,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதையும், இன்னும் இரண்டு வாரத்தில் நீ மறுபடி படிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதையும் அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். முதலில் எதைப் படிப்பது, உங்கள் கோவில் நூலகத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் பதில் எழுதவே இந்தக் கடிதம்; மற்றச் செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம்.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்று சேகரக் கமிட்டியார் நூலகச் சாவியை என்னிடம் ஒப்படைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நூலகம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதே. கோவிலை ஒட்டிய சிறு அறையில் இரண்டு இரும்பு பீரோக்கள், ஒரு மேசை, அவ்வளவுதான். அங்கிருந்த பழைய மர அலமாரியைக் கரையான் முன்பே தின்று தீர்த்துவிட்டது. இந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கைப் புத்தகங்களுக்கென்று ஒதுக்கினார்கள்; நாற்பத்திரண்டு நூல்கள் வந்தன. அவற்றுள் பாதிக்கு மேல் தினமும் ஒரு பக்கம் படிக்கும் தியான நூல்கள். அவை வந்த வாரமே கைக்குக் கை போய்விட்டன. நான் எழுத விரும்புவது மேசையிலேயே கிடந்தவற்றைப் பற்றி.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் உரையோடு வந்திருக்கிறது. நாம் கல்லூரியில் தேர்வுக்காக அதில் முப்பது பாட்டு நெட்டுருப் போட்டோம். நூல் முழுவதும் 3,766 பாடல்கள், ஆதி பருவம் தொடங்கி இரட்சணிய பருவம் முடிய ஐந்து பருவங்கள். ஜான் பனியன் 1678-இல் ஆங்கில உரைநடையில் எழுதியதும், நம் பாட்டிமார் ‘மோட்சப் பிரயாணம்’ என்று கண்ணீரோடு படித்ததுமான கதைதான் அது. ஆனால் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறிய பின்பு 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர் கையில் அந்தக் கதை விருத்தமாக மாறும்போது, பனியனின் பயணி நம் ஊர்ப் பாதையில் நடக்கத் தொடங்கிவிடுகிறான். ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று அவரைப் புகழ்கிறோமே தவிர, கம்பனைப் படிப்பதுபோல் அவரைப் படிப்பதில்லை.

ஏன் படிப்பதில்லை என்று யோசித்தபோது முன்னுரையில் இருந்த ஒரு செய்தி எனக்கு விடை சொல்லிற்று. அந்தக் காப்பியம் ‘நற்போதகம்’ மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல்தான் நூலாயிற்று. அதன் முதல் வாசகர்கள் யாரும் இவ்வளவு கனத்த புத்தகத்தைக் கையில் ஏந்தவில்லை. மாதத்துக்குச் சில பாடல்கள் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தன. நாமோ மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கொடுத்து, பதினான்கு நாளில் திருப்பித் தரச் சொல்கிறோம். இரவல் போன இரண்டு முறையும் அது பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. ஆகவே அதை இரவல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்தபின் பத்துப் பத்துப் பாடல்களாக உரக்கப் படித்துப் பொருள் சொல்லி வருகிறேன். ஆறு பேர் வருகிறார்கள். அவர்களில் இருவர் சுக்குக் காப்பிக்காக வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த வேகத்தில் போனால் முடிக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் பார்த்து மனைவி சிரிக்கிறாள். எழுதியவருக்கே பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது வீரமாமுனிவரின் தேம்பாவணி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பைப் பாடும் காப்பியம். அதைப் பட்டியலில் சேர்த்தபோது கமிட்டியில் ஒரு பெரியவர், “அது அவர்கள் சபையின் நூல் அல்லவா?” என்று கேட்டார். வீரமாமுனிவர் கத்தோலிக்க இயேசு சபைக் குருவானவர் என்பதும், நூலில் நமக்கு ஒவ்வாத சில கதைகள் உண்டு என்பதும் மெய்தான். நான் வாதாடவில்லை. சுவிசேஷங்கள் நான்கையும் புரட்டி, யோசேப்பு பேசியதாக ஒரு சொல்லாவது காட்டுங்கள் என்று மட்டும் கேட்டேன். கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். வாய் திறந்ததாக ஓரிடத்திலும் இல்லை. அப்படிப்பட்டவரை வளன் என்று பெயரிட்டுப் பாட்டுடைத் தலைவனாக்கி, 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் பாட ஒருவருக்கு, அதுவும் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! பெரியவர் அன்று பதில் சொல்லவில்லை. மறுவாரம் நூலை எடுத்துப் போனார். யோவான் ஸ்நானகனாகிய கருணையன் தன் தாயை அடக்கம் செய்துவிட்டுக் காட்டில் தனித்து நின்று புலம்பும் பகுதியில் ஒரு பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்து, கெடுவை இரண்டு முறை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

கத்தோலிக்கரும் நம்மவரும் கூடி மொழிபெயர்த்து 1995-இல் வெளியான திருவிவிலியத்தில் ஒரு பிரதி வாங்கினோம். உன்னைப் போலவே நானும் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று சொல்லி வளர்ந்தவன். “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்பது தெளிவான தமிழ், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டியதில்லை. இருந்தாலும் ‘தாழ்ச்சியடையேன்’ என்ற சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. ஒப்பிட்டுப் படிக்க அது நல்ல துணை. பீடத்தில் பழையதே இருக்கட்டும்.

வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியும் வந்திருக்கிறது. பாட்டின் இனிமையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்ற மிஷனரிமாரை அவர் எதிர்த்து எழுதியவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அசரியா பேராயரின் வாழ்க்கை வரலாற்றை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் தாமாகவே எடுத்துப் போனது எனக்கு வியப்பு. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வெள்ளாளன்விளை அப்போது நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதாயிற்று. 1874-இல் அங்கே பிறந்தவர், 1912-இல் தோர்ணக்கலின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், தங்கள் உடைமைகளையும் உயிரையும் ஈந்த மிஷனரிமாரின் முகத்துக்கு நேரே, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்ட துணிவை எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். தலைவர்களையும் போதகர்களையும் அல்ல, தோளில் கை போடும் மனிதர்களைக் கேட்டார்.

கடைசியாக, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவைப் பற்றிய ஒரு நூல். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றவர் என்பது நாம் பாடத்தில் படித்ததே. ஆனால் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-இல் ஒரு பட்டியல் எழுதினார் என்பதையும், பெயரோடு நில்லாமல் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று அதில் குறித்தார் என்பதையும், திருக்குறளும் அதில் உண்டு என்பதையும் இப்போதுதான் கவனித்துப் படித்தேன். என் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்: வரிசை எண், நூலின் பெயர், விலை. வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு நூலுக்கும் எதிரே இரண்டு வரி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் உனக்குச் சொன்னவற்றில் பாதி அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தவைதான்.

வெளியூர் அன்பருக்கு இரவல் இல்லை என்பது எங்கள் விதி. விதியை எழுதியவனே நான்தான். ஆகையால் என் பெயரில் மூன்று நூல்களை எடுத்து, அடுத்த வாரம் சென்னைக்கு வரும் தம்பி மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இரட்சணிய யாத்திரிகத்தின் எழுத்து பொடி. தேறிவரும் கண்ணுக்கு அது ஆகாது. அசரியாவின் வரலாறும் சீகன்பால்குவும் நல்ல பெரிய எழுத்து. குறவஞ்சியை நீ படிக்க வேண்டாம்; மருமகளைப் பாடச் சொல்லிக் கேள்.

கெடு செப்டம்பர் இறுதி வரை. கல்லூரி நாளில் செய்ததுபோல் ஓரங்களில் பென்சிலால் சண்டை போடாதே; மறுப்பு எழும் இடங்களைத் தனித்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்பு. அந்தத் தாளை நான் பதிவேட்டில் ஒட்டிக்கொள்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரங்களைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்