முதல் மாத்திரைக்கு முன்பே சர்க்கரையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கும் நீரிழிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். என் தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய். பின்னாளில் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. உங்கள் இரு தரப்பினரின் அறைகளுக்கும் மாறி மாறி நடக்கும் குடும்பம் எங்களுடையது. சர்க்கரையைப் பற்றிக் கேட்டால், அதை அந்த டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறார் மனநல மருத்துவர். அந்த மாத்திரையால் வந்தது, அங்கேயே கேளுங்கள் என்கிறார் நீரிழிவு மருத்துவர். இரண்டு பேரும் கடைசியில் தம்பியிடம் திரும்பி வாயைக் கட்டச் சொல்கிறார்கள்.

மாத்திரைக்கும் உணவுக்கும் இதில் பங்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதை அவற்றிலிருந்து தொடங்கவில்லை. இவ்விரு நோய்களும் உடலுக்குள் பல இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே தொடுகின்றன. ஆகவே சர்க்கரையைக் கவனிப்பதும் அந்த முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். இதைக் கேட்கவே எழுதுகிறேன்.

மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுகிறது என்று 1879இல் எழுதியவர் ஹென்றி மாட்ஸ்லி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல். மனநோய்க்கான நவீன மருந்துகளில் முதலாவதான குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்தது 1952இல். குறைசொல்ல மாத்திரை என்று எதுவுமே இல்லாத காலத்தில் ஒரு மருத்துவர் கண்ணில் பட்ட தொடர்பு இது. அந்தக் கால மனநலக் காப்பகங்களின் உணவும் அடைபட்ட வாழ்வும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அதற்கான பதில் நம் காலத்து ஆய்வுகளில் இருக்கிறது. 2003இல் அயர்லாந்து ஆய்வாளர்கள், மனச்சிதைவு முதன்முறை வெளிப்பட்டு இன்னும் எந்த மருந்தும் தொடாத 26 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 15 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பைத் தாண்டியிருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கும் அப்படி இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியான அலசலும் அதே திசையைக் காட்டியது. மருந்தே உட்கொள்ளாத புதிய நோயாளிகளிடம் வெறும் வயிற்றுச் சர்க்கரை, இன்சுலின் அளவு, இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத இன்சுலின் எதிர்ப்பு மூன்றும் கூடியிருந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் அந்தக் கட்டத்தில் மாறியிருக்கவில்லை. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அந்த ஒரு சோதனையைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினால், முளையிலேயே கண்டுபிடித்திருக்கக் கூடியதைத் தவறவிடுகிறோம்.

வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று தேடினால் கருப்பை வரை போக வேண்டியிருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில், போர் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் கிடந்தது. அப்போது கருவில் இருந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிச் சென்றார்கள். பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழுவில் மனச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பஞ்சக் கருக்கள் வளர்ந்து நடுவயதை எட்டியபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்கள் உடலில் குறைந்திருந்ததும் தெரியவந்தது. 1959 முதல் 1961 வரை நீடித்த சீனப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகும் இந்த இரண்டும் பதிவாகியிருக்கின்றன. தாய் வயிற்றில் பட்ட பசி மூளையையும் கணையத்தையும் சேர்த்தே தீண்டுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து, இவனுக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று என் தம்பியை யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடிவதில்லை.

பிறந்த பிறகும் தடயங்கள் தொடர்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 9 வயதிலிருந்தே இன்சுலின் அளவு விடாமல் உயர்ந்திருந்தவர்களிடம், 24 வயதில் மனநோய்க்கான வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் இரத்தத்தில் சிறுவயதில் மிகுந்திருந்தவர்களிடமும் பிற்கால மனநோய் அனுபவங்கள் அதிகம். நீடித்த மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலும் இங்கே வருகிறது: கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும் அதே ஹார்மோன், மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஓட்டத்தையும் பாதிக்கிறது.

டோபமைனைப் பற்றி நீரிழிவு மருத்துவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். அது மூளைக்கு மட்டும் உரியது அல்ல. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் மேலும், டோபமைன் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே டோபமைன் இன்சுலின் சுரப்புக்குக் கடிவாளம். மனநோய் மருந்துகள் அடைப்பது இதே டி2 ஏற்பியைத்தான். நேர்மாறாக, டி2 ஏற்பியைத் தூண்டும் ப்ரோமோக்ரிப்டின் இரண்டாம் வகை நீரிழிவுக்கான மருந்தாக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்சுலினோ மூளைக்குள், சுரந்த டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் அளவை மாற்றுகிறது. இத்தனை வாசல்கள் திறந்து கிடக்கும்போது உங்கள் இரு துறைகளுக்கும் நடுவே மட்டும் சுவர் ஏன்?

ஒன்று மற்றொன்றை நேரடியாக உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அளவுக்கு மரபணு ஆய்வுகள் இடம் தரவில்லை. மாத்திரைகளின் பங்கையும் குறைத்துப் பேசவில்லை. மனநோய் மருந்துகளான ஒலான்சபினும் க்ளோசபினும் பசியைத் தூண்டுகின்றன, எடையைக் கூட்டுகின்றன, எடை கூடாதவர்களிடம்கூட இன்சுலினின் வேலையைக் கெடுக்கக் கூடியவை. ஏற்கெனவே தடுமாறும் உடலின் மேல் இந்தச் சுமை ஏறுகிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் நீரிழிவு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுவதும், அவர்கள் ஆயுள் 10 முதல் 20 ஆண்டுகள் வரை குறைவதும், அதில் இதய நோய்களுக்குப் பெரும்பங்கு இருப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோயாளிகளின் இறப்பு விகிதத்தைப் பின்லாந்தில் ஒப்பிட்டு 2009இல் வெளியான பெரிய ஆய்வில், மிகக் குறைவான இறப்பு க்ளோசபின் எடுத்தவர்களிடம்தான் காணப்பட்டது. என் தம்பி எங்களோடு உட்கார்ந்து பேசுவது மருந்தால்தான்.

அவன் ஒரு சமயம் ஓயாமல் தண்ணீர் குடித்தான். கேட்டபோது, இந்த நோயில் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். மனச்சிதைவில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் எகிறிய சர்க்கரையின் முதல் அறிகுறியும் தாகம்தானே? விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்திருந்தால் நிமிடத்தில் தெரிந்திருக்கும். அசதியும் அப்படியே போயிற்று: எழாமல் கிடந்ததை மனநோயின் கணக்கிலேயே எழுதினார்கள். மனநோய் என்ற சீட்டு ஒருவர் மேல் ஒட்டப்பட்டுவிட்டால், அவர் உடல் சொல்வதைக் காதில் வாங்க ஆள் இல்லாமல் போகிறது. எனக்கு மிகுந்த கோபம் தருவது இதுதான்.

மனநல மருத்துவர்களே, முதல் மருந்துச் சீட்டை எழுதும் நாளிலேயே எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். 12 வாரம் கழித்துச் சர்க்கரையை மறுபடி பாருங்கள், பிறகு ஆண்டுதோறும். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் 2004இல் கூடி வகுத்த அட்டவணைதான் இது. எடை ஏறத் தொடங்கியதுமே மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைச் சேர்க்கலாமா என்று யோசியுங்கள். முழு நீரிழிவாக முற்றும்வரை காத்திருக்காதீர்கள்.

நீரிழிவு மருத்துவர்களே, குரல்கள் கேட்கும் ஒருவரால் ஒரு நாளைக்கு நான்கு முறை விரலைக் குத்திக் குறித்துவைக்க முடியாமல் போகலாம். அதை ஒத்துழையாமை என்று எழுதாதீர்கள். அவரால் கடைப்பிடிக்கக் கூடிய, சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடாத மருத்துவத்தைத் தேர்ந்தெடுங்கள். மருந்தை மாற்றினால் மற்ற மருத்துவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் வேலையை நோயாளியிடம் விடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மனநோய் இல்லாத உடன்பிறப்புகளிடமும் நீரிழிவு வழக்கத்தைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தம்பியோடு உங்கள் அறைக்கு வந்து போகும் என்னிடம் இதுவரை யாரும் சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டதில்லை. நோயாளிக்குத் துணையாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவரின் அக்கா