தியோக்லெஸ் வைத்த பெயர்

அன்புள்ள கண்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். நீ தொலைபேசியில் பேசி நாளாகிவிட்டது. ஆய்வேட்டு வேலை மிகுதி என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் நம்புவதுபோல் இருக்கிறார். வேளைக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய படத்தில், ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் சூனியோன் இளைஞன் சிலையின் அருகே நிற்கிறாய். மூன்று மீட்டர் உயரச் சிலையும் நீயும் முழுதாக விழும்படி, பொறுமையாகப் பின்னுக்கு நகர்ந்து எடுத்த படம் அது. யார் எடுத்தது என்று உன் சித்தி கேட்டாள். நான் சிலையைத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். இடது காலை முன்வைத்து, கைகளைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கி நிற்கும் அந்த நிலை எகிப்தியருடையது, கி.மு. 600ஐ ஒட்டிய காலத்தில் கிரேக்கச் சிற்பிகள் அதை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எகிப்தியச் சிற்பி முதுகுக்குப் பின்னே விட்டுவைக்கும் தூணையும், கைக்கும் இடுப்புக்கும் நடுவே விட்டுவைக்கும் கல்லையும் செதுக்கி எடுத்துவிட்டார்கள், அரையாடையையும் களைந்துவிட்டார்கள். அயலாரிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கிரேக்கர் கூசவில்லை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் சொல்வது எளிது.

எழுத்தையும் அப்படித்தான் வாங்கினார்கள். மேற்காசியக் கடல் வணிகரான பீனிசியர் மெய்யை மட்டும் எழுதுவார்கள். உயிரை வாசிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். (இப்போதெல்லாம் உன் குறுஞ்செய்திகளை நான் அப்படித்தான் படிக்கிறேன்.) தங்கள் நாவுக்கு வேண்டாத சில மெய்க்குறிகளை எடுத்துக் கிரேக்கர் உயிர்களுக்குக் கொடுத்தார்கள். அதே அருங்காட்சியகத்தில், கி.மு. 740ஐ ஒட்டிய திப்பிலோன் குடுவையின் தோளில் பீனிசிய வழக்கப்படி வலமிருந்து இடமாகக் கீறியிருக்கும் வரி, ஆடுவோரில் மிக நளினமாக ஆடுபவரைப் பற்றியது. கடல் வணிகரோடு வந்த எழுத்து கைக்கு எட்டியதும் ஆட்டத்தைப் பற்றிச் செய்யுள் எழுதியிருக்கிறார்கள். நீ அம்மாவுக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

எழுத்தைக் கொண்டுவந்தவர்கள் காட்மஸோடு வந்த பீனிசியர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். காட்மஸ் கதை நீ சிறுமியாக இருந்தபோதே உனக்குத் தெரியும். காளை வடிவில் வந்த கடவுள் சீயஸ் காட்மஸின் சகோதரி யூரோப்பாவைக் கொண்டுபோனதும், அவளைக் காணாமல் திரும்பாதீர்கள் என்று தந்தை அகெனோர் மகன்களை விரட்டுகிறான், ஒருவனும் திரும்பவில்லை. காட்மஸ் தீப்ஸ் நகரை நிறுவி அங்கேயே தங்கிவிடுகிறான். மகளைத் தேடப் போன இடத்தில் மகன்களையும் இழந்தவன் அகெனோர். அவன் ஆணையிட்டுவிட்டு வீட்டில் இருந்துகொண்டான். அவன் மனைவி தெலிஃபாஸா அப்படி இருக்கவில்லை. மகனோடு தானும் புறப்பட்டுப் போனாள். திரேஸில் அவள் இறந்தபோது அடக்கம் செய்தவன் காட்மஸ். நம் வீட்டில் யார் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற வாரம் உன் பழைய குறிப்பேடுகளைத் தூசி தட்டியபோது எகிப்தின் அபு சிம்பல் கோயில் கல்வெட்டின் நகல் கிடைத்தது. கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது அப்போது! கி.மு. 590களில் எகிப்திய மன்னர் இரண்டாம் சம்மெடிகஸின் படையில் கூலிக்குப் போன கிரேக்க வீரர்கள், இரண்டாம் ராம்சேஸின் மாபெரும் சிலையின் காலில், நைல் ஆறு வழிவிட்ட தூரம் வரை தாம் சென்றதாகக் கீறி வைத்தார்கள். எகிப்தியருக்கு ஒரு தலைவர், வேற்றுமொழிக்காரருக்கு ஒரு தலைவர் என்கிறது கல்வெட்டு. அங்கே வேற்றுமொழிக்காரர் இவர்கள்தாம். இவர்களோடு பயணம் செய்தவன் பெயர் சம்மெடிகஸ், தியோக்லெஸின் மகன். தந்தைக்குக் கிரேக்கப் பெயர், மகனுக்கு எகிப்திய அரசரின் பெயர். இந்த வரியைப் பலமுறை படித்தேன். பேரனை அந்தப் பெயரால் கூப்பிடத் தியோக்லெஸின் தாய்க்கு நாக்கு வளைந்திருக்குமா என்று யோசித்தேன். வளைந்திருக்கும், பேரன் என்றால் வளையும்.

எல்லாரும் ஒரே மனத்தோடு இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். பெற்றோர் இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் சட்டம் கொண்டுவந்தார். அது முன்பே இருந்திருந்தால், பாரசீகரை வென்ற கிமோனே குடிமகனாகியிருக்க முடியாது. அவர் தாய் திரேஸ் நாட்டு அரசகுமாரி. பிறகு கொள்ளைநோயில் தம் மகன்கள் இருவரையும் இழந்த பெரிக்ளிஸ், மிலேட்டஸிலிருந்து வந்த அஸ்பாசியாவிடம் பிறந்த மகனுக்குக் குடியுரிமை தரும்படி மக்கள்முன் மன்றாடினார், கொடுத்தார்கள். இதை இரவுச் சாப்பாட்டின்போது உன் அப்பாவிடம் சொன்னேன். இப்போது எதற்கு இந்தக் கதை என்றார். மோர் ஊற்றினேன். ஆனால் மறுநாள் காலையில், அந்த மகன் பின்னாளில் என்ன ஆனான் என்று அவரே கேட்டார். தளபதியானான் என்று மட்டும் சொன்னேன். கடற்போரில் வென்று வந்தவனுக்கு ஏதென்ஸ் மரண தண்டனை கொடுத்ததை இப்போதைக்குச் சொல்லவில்லை.

மதுரையில் பெரியப்பா பேசியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. ஆய்வேட்டை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. நம் குடும்பத்தில் இவ்வளவு படித்தவள் நீ ஒருத்திதான், எதற்காகவும் யாருக்காகவும் அதை விடக்கூடாது. வேளைக்குச் சாப்பிடு.

என் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அங்கே குளிர் எந்த மாதத்தில் குறையும் என்று எழுது. பருப்புப்பொடி எத்தனை பேருக்கு அரைக்க வேண்டும் என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா