தோள் வாரில் கத்தி கட்டியிருக்கும் பாப்பாவுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுப் பை நன்றாக இருக்கிறது, தையலும் உருப்படியான தையல். இடது தோள் வாரில் தோல் உறையோடு ஒரு கத்தியைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறாயே, அதுதான் மனசை உறுத்துகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கத்தியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மலை ஏறுகிறவளிடம் கயிறு அறுக்க, பழம் நறுக்க, அடிபட்டால் துணி கிழித்துக் கட்ட ஒரு சின்னக் கத்தி இருப்பது நல்லதுதான். அதை ஏன் வாரில் கட்டினாய் என்பதும் புரிகிறது. பெரிய பையில் இடுப்புக்கும் அகலமான பெல்ட் வந்துவிடுகிறது. பேன்ட்டில் செருகிய கத்தி அதற்கு அடியில் மாட்டிக்கொண்டு இடுப்பெலும்பில் இடிக்கும், எடுக்கவும் வராது. மார்புப் பக்கம்தான் கைக்கு எட்டுகிற இடம். ஆனால் அதற்குச் சற்று மேலேதான் உன் கழுத்து இருக்கிறது, கண்ணு.

கைப்பிடி கீழே இருந்தால் உருவும்போது கத்தி முகத்தை விட்டு விலகிப் போகும், அது சரி. திரும்பச் செருகும்போது? முனையைக் கழுத்தைப் பார்த்து மேலே தள்ளுகிறாய். அதுவும் மூச்சு வாங்க, கை வியர்த்து, உறையின் வாய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில். அது போதாதென்று, ஒரே ஒரு அமுக்குப் பட்டன்தான் கத்தியின் எடை முழுவதையும் தாங்குகிறது. தோல் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து வாய் விரிந்துவிடும், பட்டனும் தளரும். கைடெக்ஸ் என்று ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கிறது. சூடு காட்டி அந்தக் கத்தியின் வடிவத்துக்கே அமுக்கி எடுப்பார்கள், 'டக்' என்று கவ்விப் பிடிக்கும். தலைகீழாகக் கட்ட அதுதான் லாயக்கு. தோல் உறையை அப்படிக் கட்டவே கட்டாதே.

கைப்பிடி மேலே இருக்கட்டும். அப்போது உருவினால் அலகு தாடைப் பக்கம் வருமே என்பாய். அதற்குத்தான் கீழே இறக்கிக் கட்டச் சொல்கிறேன். இரண்டு வாரையும் சேர்த்துப் பிடிக்கிற மார்புப் பட்டைக்கு மேலே கைப்பிடி போகக் கூடாது. நாலு அங்குல அலகுக்கு மேல் இருந்தால் இது சரிப்படாது, உறையின் அடி விலாவில் இடிக்கும். கட்டிய பிறகு பையைப் போட்டுக்கொண்டு குனிந்து பார், உட்கார்ந்து பார். மலையில் உருவுவதானால் நின்று உருவு. செருகுவதானால் பையைக் கீழே இறக்கி, கண்ணால் பார்த்துச் செருகு. நடந்துகொண்டே செருகுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இனி என் தையல் தொழில் விஷயம். வாரின் மேல்துணி மெல்லிசு, உள்ளே இருப்பது ஃபோம். அதில் ஓட்டை போட்டு ரிவிட் அடித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிடாதே. ஃபோம் எதையும் பிடித்து நிற்காது. நாலு நடைக்குள் அந்த ஓட்டையிலிருந்தே துணி கிழியும். அப்படிக் கிழிந்த பைகள் கடைக்கு வரும்போது முழு வாரையும் பிரித்துத்தான் தைக்க வேண்டியிருக்கிறது. உன் படத்தில் வாரின் மேல் ஒரு அங்குல நாடா ஓடுகிறது. ஒன்றரை அங்குலத்துக்கு ஒருமுறை அதை முன்னும் பின்னுமாக நெருக்கித் தைத்திருக்கிறார்கள், பட்டாளத்துப் பைகளில் வருகிற மாதிரி. அந்தத் தையலை நகத்தால் தடவிப் பார், கம்பி போலக் கெட்டியாக இருக்கும். இரண்டு தையலுக்கு நடுவில் இருக்கிற சந்தில்தான் கயிறு நுழைய வேண்டும். உறையை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் கட்டு. ஒரே இடத்தில் கட்டினால் நடக்க நடக்க ஆடி மார்பில் அடித்துக்கொண்டே இருக்கும்.

வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை, கேபிள் டை என்பார்களே, அது வேண்டாம். வெட்டிய முனை பிளேடு மாதிரி சட்டையையும் தோலையும் கீறும், வெயிலில் கிடந்தால் முறியும். நைலான் கயிறு போதும். நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிடு, பிரியாது.

ஒருநாள் நடந்து வந்ததும் கத்தியை உறையிலேயே விட்டு வைக்காதே. தோல் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், அலகு துருப்பிடிக்கும். குரோம் போட்டுப் பதனிட்ட தோலாக இருந்தால் அதில் உள்ள உப்பும் சேர்ந்து அரிக்கும். அந்தக் காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு அந்த உப்புத் தொல்லை கிடையாது. இப்போதும் மரப்பட்டையில் பதனிட்ட துண்டுத் தோல் அங்கே கிடைக்கும். கத்தியைத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, உறையில் போடாமல் தனியாக வை.

கட்டி முடித்ததும் கீழே பாயை விரித்து, பையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்கு. கத்தி அரை அங்குலம் நகர்ந்தாலும் அந்த உறையை விட்டுவிடு.

கல்சுபாய்க்கு மறுபடி போகப் போவதாகச் சொன்னாயே. 1,646 மீட்டர், மகாராஷ்டிராவிலேயே உயரமான சிகரம் என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். அந்த இரும்பு ஏணிகளை நினைத்துப் பார். ஏறும்போது மார்பு படியோடு ஒட்டும். வாரில் துருத்திக்கொண்டு இருக்கிற எதுவும் படியில் மாட்டும், மாட்டினால் பின்னுக்கு இழுக்கும். ஏணி வருவதற்கு முன்னாலேயே கத்தியை உறையோடு கழற்றிப் பைக்குள் போட்டுவிடு என்று எழுத நினைத்தேன். அப்புறம் வனத்துறையில் இருக்கிற உன் மாமாவிடம் பேசினேன். அந்த மலை சரணாலயத்துக்குள் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் அனுமதி வாங்காமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு போகக் கூடாதாம். ஆயுதம் என்று அந்தச் சட்டம் சொல்வதில் கத்தியும் இருக்கிறதாம். நம்ம பக்கத்துக் காவிரி வடக்குச் சரணாலயத்துக்கும் இதேதான். அதனால் கல்சுபாய்க்கு அது வேண்டாம், அறையிலேயே இருக்கட்டும். மற்ற மலைகளுக்கும் போவதற்கு முன் அங்கே உள்ள வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சிறுத்தை வந்தால் என்ன செய்வது என்று கேட்காதே. நம்ம அஞ்செட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் யானை இருப்பது தெரிந்தால்கூட வழியை விட்டு விலகத்தான் செய்வார்கள், இடுப்பில் இருக்கிற கத்தியைத் தொட மாட்டார்கள். கூட்டத்தோடு போ, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடு. எனக்கு அது போதும்.

விமானத்தில் வருவதாக இருந்தால் கையில் வைத்திருக்கிற பையில் கத்தி இருக்கக் கூடாது, கீழே ஏற்றிவிடுகிற பெட்டியில் போடு. பஸ்ஸிலும் ரயிலிலும்கூட வாரில் தொங்கவிட்டுக்கொண்டு வராதே, பார்க்கிறவர்கள் மிரள்வார்கள்.

உறையின் நீளம், அகலம், கத்தியின் கைப்பிடி தடிமன் மூன்றையும் டேப் வைத்து அளந்து அனுப்பு. அடுத்த வாரம் ஆம்பூர் போகிறவர்களிடம் சொல்லித் தோல் வாங்குகிறேன். கைப்பிடியைச் சுற்றி இரண்டு பட்டன் வைத்து, அலகு தையலை அறுக்காதபடி ஓரத்தில் ஒரு தோல் பட்டையும் உள்ளே கொடுத்துத் தைத்து பார்சலில் அனுப்பிவிடுகிறேன். அது வந்து சேருகிற வரைக்கும் இப்போது இருக்கிறதை வாரிலிருந்து கழற்றி வை.

அன்புடன்,
அம்மா