விலாசம் கொடுத்த பெரியம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

நேற்றுச் சாயங்காலம் மண்டியில் மஞ்சள் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தபோது ஆடிட்டர் போன் செய்தார். "வந்துருச்சுங்க" என்றார். எது வந்தது என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில், ஊர்த் தெருக்களை வரைகிற நம் குழுவுக்கான பதிவுதான் அது. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். எடைக்காரர் தண்ணீர் எடுத்துவர ஓடினார், பாவம்.

இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஆறப் போட்டால் எழுத மாட்டேன், என் பழக்கம் எனக்குத் தெரியும். அதனால் விடிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. நம் பணம் கிடந்த வங்கிக் கணக்கு முடங்கிய அந்தப் பதினோரு நாளும், யார் யார் தூங்கவில்லை, யார் யாரோடு பேசிக்கொள்ளவில்லை என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பணம் ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் நிலை இனி இல்லை. நமக்கென்று ஒரு பதிவு எண், ஒரு பான் கார்டு, ஒரு முத்திரை. வரைபடம் வரைகிற நமக்குக் கடைசியில் ஒரு விலாசமும் இருக்கிறது. அந்த விலாசத்தைப் பற்றித்தான் இந்த மடலில் அதிகம் எழுதப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா என்று நாலு மாதம் சண்டை போட்டோம். டிரஸ்ட் என்றால் அறங்காவலர்கள் சிலர் கையோடு போய்விடும் என்று பாதிப் பேருக்குப் பயம். சங்கத்துக்கு 7 பேர் போதும், ஆனால் 1975-ஆம் வருடத்துச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம். நம் ஆட்கள் கொல்லத்திலும் நாக்பூரிலும் குவாஹாட்டியிலும் இருக்கிறார்கள். கடைசியில் கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு என்று முடிவானது. லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாத கம்பெனி அது. பெயரில் 'நேஷனல்' வேண்டும் என்று அடம் பிடித்தவர்களும் (நான்தான் முதல் ஆள்) அதற்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும் என்றதும் வாயை மூடிக்கொண்டோம்.

பெயர் கிடைத்தது. அப்போதுதான் வினையே தொடங்கியது. ஒதுக்கிக் கொடுத்த பெயர் 20 நாள்தான் நம்மிடம் நிற்கும். அதற்குள் மீதிப் படிவம் எல்லாம் போக வேண்டும். அதில் பதிவு அலுவலக விலாசம் கேட்கிறார்கள். அந்த இடத்தின் கரண்ட் பில் வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. இடத்துக்காரரின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு நண்பர் தருவதாகச் சொன்ன ஃப்ளாட்டுக்கு அங்கே குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் கிடைத்த இடத்தைக் கடைசி நிமிடத்தில் ஓனரின் மாப்பிள்ளை தடுத்துவிட்டார். "கம்பெனின்னா நாளைக்கு நோட்டீஸ் வரும்" என்றாராம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. என் வீடு வாடகை வீடு. வாடகைக்கு மேஜை விடும் இடங்கள் கேட்ட தொகை நம் ஒரு வருடத்துச் சர்வர் செலவு.

ஊரில் உள்ள சந்து பொந்தெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் தபால்காரர் வந்து நிற்க எங்களுக்கு ஒரு திண்ணை இல்லை.

பத்தாம் நாள் வேறு வேலையாகப் பவானி போனேன். இரண்டு வருடம் முன்பு நாலு பேராகப் போய் அளந்த சந்துகள் அங்கே உண்டு. அப்போது ஒரு சந்தில் போர்டில் ஒரு பெயரும், வீடுகளில் இருந்தவர்கள் வாயில் வேறு பெயரும் இருந்தன. எது சரி என்று குழம்பி நின்றபோது ஒரு பெரியம்மா செம்பில் தண்ணீர் கொடுத்து, "போர்டு நேத்து வெச்சதுங் கண்ணு, பேரு எங்க மாமியா காலத்துலயே இருக்குது" என்று சொல்லித் தீர்த்துவைத்தார். ஊரார் சொல்கிற பெயரைத்தான் வரைபடத்தில் முதலில் எழுதினோம். போர்டுப் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

அதே வாசலில் வண்டியை நிறுத்தினேன். நிழல் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மொகம் ஏன் வாடிக் கெடக்குது என்று கேட்டார். சந்தவையும் தேங்காய்ப் பாலும் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, அவருக்கு என்ன புரியப் போகிறது என்ற திமிரோடுதான் சொன்னேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஊருச் சந்துக்கெல்லாம் பேரு எழுதிப் போட்டீங்க. உங்களுக்குன்னு ஒரு சந்து இல்லீங்களா?"

முன்னறையைத் திறந்து காட்டினார். குழித்தறி போட்டிருந்த அறை. தறியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள், குழி மட்டும் பலகை போட்டு மூடியிருக்கிறது. அவர் வீட்டுக்காரர் அந்தக் குழியில் கால் வைத்து உட்கார்ந்து நாற்பது வருடம் ஜமக்காளம் நெய்தவர். 2005-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைக் கேட்டு, "குறியீடு குடுத்தாங்க, கூலி குடுக்கலியே" என்று சிரித்தாராம் மனுஷன். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, "பல்பு பீஸாப் போச்சு, ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்றார் பெரியம்மா.

அப்புறம் ஈபி அட்டையை எடுத்து வந்தார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் வெள்ளை அட்டை. அட்டையில் இருந்தது அவர் வீட்டுக்காரர் பெயர். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

ஆடிட்டரைக் கேட்டேன். வாரிசுச் சான்றிதழையும் கடிதத்தையும் சேர்த்து அனுப்பிப் பார்க்கலாம், ஏற்றாலும் ஏற்பார்கள், திருப்பினாலும் திருப்புவார்கள் என்றார். சரி, துணிந்து அனுப்பலாம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பெயரை மாற்றித் தாருங்கள் என்று பெரியம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவ்வளவு வருடமும் ஏன் மாற்றவில்லை என்று பேச்சுவாக்கில் நான் கேட்டதோடு சரி.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்கற தம்பி வரும். அட்டையப் பாத்து வாசல்ல நின்னு அவரு பேரச் சொல்லிக் கூப்புடும். அதக் கேக்கறதுக்காவ வெச்சிருந்தனுங் கண்ணு."

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் காலை பக்கத்து வீட்டு ஆள் போனிலிருந்து அழைப்பு. "பேரு மாத்தியாச்சுங் கண்ணு. இப்ப எம் பேர்லயே வந்துருச்சு. இனித் திருப்பி அனுப்ப மாட்டாங்கல்ல?" வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு, நான் கிளம்பிப் போன மறுநாளே அவராகப் பஸ் ஏறி ஈபி ஆபீஸுக்குப் போயிருக்கிறார். இரண்டாம் தடவையும் போயிருக்கிறார். அங்கே இருந்தவர்களும் முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி.

நாம் ஒரு தெருவின் பெயரை மாற்ற இரண்டு நிமிடம் போதும். தப்பென்றால் அடுத்தவர் பழையபடி ஆக்கிவிடுவார், பழைய பெயர் வரலாற்றுப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். அவர் மாற்றிய பெயருக்கு அந்த வசதி இல்லை. நேற்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை ரீடிங் எடுக்க வரும் தம்பி வாசலில் நின்று என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நினைத்தாலே என்னவோ செய்கிறது.

படிவத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கும் ஒரு கட்டம் உண்டு. ஆடிட்டர் ஆபீஸில் எல்லோரும் திணறுவார்களாம். மொத்தப் படிவத்திலும் நாங்கள் யோசிக்காமல் நிரப்பிய ஒரே கட்டம் அதுதான். இரண்டு வருடம் முன்பே அந்த வாசலில் புள்ளி வைத்துவிட்டோமே.

இனி மற்றவர்கள். கட்டணம் வாங்க மறுத்த ஆடிட்டர், அவர் ஆபீஸில் நம் கோப்பைத் தன் கோப்பு போலத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண், இயக்குநராக இருக்கச் சம்மதித்த கொல்லத்து நண்பர், பெயருக்கு மட்டும் இருக்க மாட்டேன், வேலையும் தர வேண்டும் என்ற நாக்பூர்க்காரர், டிஜிட்டல் கையெழுத்துக்கு ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டவர்கள், நகல் கடைத் தம்பி, இத்தனை மாதம் என் புலம்பலைக் கேட்ட என் வீட்டம்மா. தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. அமைப்பே வேண்டாம் என்று கடைசிவரை வாதாடிய நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் இந்தியக் கிளை 2011-இல் பதிவாகி 2019-இல் அங்கீகாரம் இழந்த கதையை நீங்கள் எடுத்துப் போட்ட பிறகுதான் கணக்கு வழக்கு விஷயத்தில் எங்களுக்குச் சொரணை வந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியபோதும் அறக்கட்டளை உடனே வரவில்லை, 2006-இல்தான் வந்தது. நாம் தாமதம் என்று யாரும் வருந்த வேண்டாம். அந்த அறக்கட்டளையோடு கிளை ஒப்பந்தம் போடுவது நம் அடுத்த வேலை.

இன்னொன்று. வரைபடத் தரவு பற்றி மத்திய அரசு 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி 1 மீட்டரைவிடத் துல்லியமான தரவை உருவாக்குவதும் வைத்துக்கொள்வதும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்திய அமைப்புகளுக்கும்தான். ஓர் அமைப்பு என்ற முறையிலும் அந்தக் கதவு இப்போது நமக்குத் திறந்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தபந்தங்கள் உணர்ச்சிவசப்பட்டு டாலர் எதுவும் அனுப்பிவிட வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவுக்கு விண்ணப்பிக்கவே மூன்று வருடம் செயல்பட்டு 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். அமைப்புக்கு வருமான வரி விலக்கு, நன்கொடை தருபவர்களுக்கு வரிச் சலுகை, இரண்டுக்குமான பதிவுக்கு இந்த வாரம் விண்ணப்பிக்கிறோம். அதுவரை இங்கே இருப்பவர்கள் நூறு இருநூறு போட்டால் போதும்.

நான் மண்டியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் ஒரு வாக்கு கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வருடக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் அபராதம். அந்த 100 ரூபாய் ஒரு நாள்கூட விழாது. விழுந்தால் என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன். நோட்டீஸ் என்று ஒரு தாள் அந்தப் பெரியம்மா வாசலுக்கு வரக் கூடாது.

தறி அறைக்கு அவர் வீட்டுக்காரர் பெயரை வைக்க ஆசை. வரைபடத்தில் எழுத முடியாது, ஊரார் வாயில் இல்லாத பெயரை நாம் எழுதுவதில்லை. கூட்டக் குறிப்புகளில் அந்த அறையை அவர் பெயரால் குறிப்பிடலாம் என்று முதல் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். பெரியம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த மடலில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதற்கே அரை மணி நேரம் வாதாடித் தோற்றேன்.

பதிவு அலுவலகத்துக்கு வெளியே பெயர்ப்பலகை இருந்தே ஆக வேண்டும், ஊரில் பேசும் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாட்டுகிறோம். வருகிறவர்கள் வரலாம், சாப்பாடு பெரியம்மா வீட்டில், அரிசிம்பருப்புச் சோறு. யாராவது ஏணி கொண்டு வாருங்கள். அவர் வீட்டு ஏணியில் மூன்றாம் படி உடைந்திருக்கிறது, போன வாரம் பல்பு மாட்டும்போது பார்த்தேன்.