பெயரில் ஒரு மேற்கோள் குறி

ஆசிரியருக்கு,

ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பின் இணையத்தளத்தில் மகளைப் பதியும்போது அவளுடைய சிநேகிதியையும் சேர்த்துப் பதியப் போனேன், அந்தப் பிள்ளையின் குடும்பப் பெயர் டி'சூசா, நடுவிலுள்ள ஒற்றை மேற்கோள் குறியோடு அனுப்பியதும் திரை முழுக்கத் தரவுத்தளப் பிழைச் செய்தி. மென்பொருள் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்டியில் நாம் எழுதுவதை அப்படியே எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்துக்கு உத்தரவிடும் மொழி) கட்டளையோடு ஒட்டினால்தான் இப்படி வரும்; பெயரிலுள்ள மேற்கோள் குறியைப் பெயர் முடிந்த இடம் என்று எடுத்து, மிச்சத்தைக் கட்டளையாக வாசிக்கப் பார்க்கும். பெயருக்குப் பதிலாக யாராவது கட்டளைத் துண்டொன்றை எழுதினால் பிள்ளைகளின் விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் வெளியே போய்விடும்.

இது 1998 இலேயே வெளியில் தெரிந்த ஓட்டை. பிரித்தானியாவின் டோக்டோக் (TalkTalk) என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2015 இல் இதே வழியாகத்தான் ஏறத்தாழ 157,000 வாடிக்கையாளரின் விவரங்களைப் பறிகொடுத்தது, மறுவருடம் 400,000 பவுண் தண்டம் விதித்தார்கள்.

மேற்கோள் குறியைத் தடுப்பது மருந்தல்ல (டி'சூசா வீட்டார் எங்கே போவது?). கட்டளையின் வடிவத்தை முதலில் தனியாகத் தயார்செய்து, பயனர் எழுதியதை வெறும் மதிப்பாக மட்டும் அதில் சேர்க்கும் 'பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட்' முறை பி.எச்.பி., ஜாவா போன்ற நிரல் மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, காசு கேட்காது. அப்புறம், பதிவுப் படிவம் பயன்படுத்தும் தரவுத்தளக் கணக்குக்கு விவரங்கள் இருக்கும் அட்டவணையையே அழிக்கும் அதிகாரம் எதற்கு?

வகுப்புக்காரரிடம் சொன்னேன். "தளம் செய்த தம்பி இப்போது கொழும்பில்" என்றார். சரி, கொழும்பில் தொலைபேசி இல்லையா?

ஒரு தகப்பன்,
தலவாக்கலை